வீட்டுக்கு ஒரே ஒரு போன்: கல்லூரிப் பாடத்தை அதற்கேற்ப அமைப்பது எப்படி?

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இணையவழியில் பாடம் எடுத்த முதல் பருவத்தில் வாரம் மூன்று நேரலை வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஐந்தாவது வாரம், நள்ளிரவுக்குப் பக்கத்தில் ஒரு மாணவியிடமிருந்து குரல் பதிவு வந்தது. “மேம், எங்க வீட்ல ஒரே போன்தான். அண்ணன் வேலை முடிச்சு வந்த அப்புறம்தான் என் கைக்கு வரும். இதுவரைக்கும் ஒரு கிளாஸ்கூட முழுசா பாக்கல.” அத்தனை நாளும் அவள் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டே வந்திருந்தேன். அந்தப் பதிவைக் கேட்ட பிறகு பாடம் முழுவதையும் பிரித்து மறுபடி கட்டினேன். வளரும் நாடுகளில் கல்லூரிப் பாடத்தை இணையத்துக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்களுக்காக அந்த வேலையை இங்கே எழுதுகிறேன்.

பாடம் தொடங்கும் முன் விசாரியுங்கள். “இணைய வசதி இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மூன்று கேள்விகள் போதும். போன் யாருடையது? எந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும்? டேட்டா தீர்ந்தால் அடுத்து எப்போது போடுவீர்கள்? இதை இணையப் படிவமாக அனுப்பினால் நல்ல இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே நிரப்புவார்கள். காகிதத்தில் கேளுங்கள், இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள்.

கையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துத் தொடங்குவது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு அனுபவங்களைச் சொல்லலாம். 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா பணப் பரிமாற்றச் சேவை சாதாரணப் பட்டன் போனிலேயே வேலை செய்தது. பணத்தைப் போடவும் எடுக்கவும் பக்கத்துக் கடைக்காரர் முகவராக இருந்தார். வங்கிக் கணக்கே இல்லாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தினார்கள். இன்னொரு பக்கம், ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. கிராமப்புறப் பள்ளிகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வந்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று தெரிந்தது. கருவி போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியோ துணையோ போகவில்லை. உலக வங்கியின் 2016 உலக வளர்ச்சி அறிக்கையும் இதையே பெரிய அளவில் சொன்னது: தொழில்நுட்பம் வேகமாகப் பரவியிருக்கிறது, பலன் அதே வேகத்தில் வரவில்லை, திறனும் நல்ல நிறுவனங்களும் கூடவே வளர வேண்டும்.

அடுத்தது எம்பி கணக்கு. இதைத் தயவுசெய்து உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 500 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் ஒன்றரை மணி நேர வீடியோ கிட்டத்தட்ட 340 எம்பி. வாரம் மூன்று என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். ஐந்து பாடம் படிக்கும் மாணவிக்கு வாரம் ஐந்து ஜிபி! அடிப்படை இணையச் சேவையின் செலவு ஒரு நாட்டின் சராசரி தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் இலக்கு வைத்தது. பல ஏழை நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை. எட்டிய நாட்டிலும் அது சராசரிதான், நம் மாணவியின் வீடு அந்தச் சராசரிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு நிமிட ஆடியோவை வினாடிக்கு 32 கிலோபிட்டில், மோனோவில் (ஒற்றை ஒலித்தடமாக) சேமித்தால் மூன்று எம்பிக்கும் குறைவு. மனிதக் குரலுக்கு அந்தத் தரம் தாராளமாகப் போதும். “சூத்திரத்தைக் காட்டாமல் எப்படி நடத்துவது?” என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். ஒவ்வொரு ஆடியோவுக்கும் இரண்டு பக்க பிடிஎஃப் ஒன்று தயாரித்தேன், வரிக்கு வரி எண் போட்டு. ஆடியோவில் “ஏழாவது வரியைப் பாருங்கள், அங்கே ஏன் n-இலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம்?” என்று கேட்பேன். மாணவர்கள் நிறுத்தி, யோசித்து, மறுபடி ஓட்டுகிறார்கள். நேரலையில் இது நடக்கவே இல்லை. பக்கத்தைத் தட்டச்சு செய்யுங்கள். கையால் எழுதிப் படம் பிடித்தால் கோப்பு பல மடங்கு பெரிதாகிவிடும். வரைபடம் வளர்வதைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் மூன்று நிமிடத் திரைப்பதிவு போதும். உங்கள் முகம் அதில் வேண்டாம்.

வாரத்துக்கானது மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே வாரமும் வரிசையும் இருக்கட்டும். பல கல்லூரிகள் இணையப் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடில் (Moodle) என்ற மென்பொருளின் செயலியில் பாடத்தை இறக்கிவைத்து இணைப்பில்லாமல் படிக்க முடியும். மூடிலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர், சிறுவயதில் சிற்றலை வானொலி வழியாகவே பள்ளிப் பாடம் படித்தவர். தூரத்திலிருந்து படிப்பதன் வலி அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். மூடில் இல்லாத கல்லூரியில் வாட்ஸ்அப் குழு போதும், மெமரி கார்டில் கைமாறினாலும் சரி. விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ள கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. பயிற்சிகளுக்குக் கெடு மூன்று நாளாவது கொடுங்கள்.

இதுவரை சொன்னதை ஒரு வாரத்தில் செய்துவிடலாம். அடுத்ததுதான் கடினம், என் நேரத்தில் பாதி அதற்கே போகிறது. 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,55,000 பேர் சேர்ந்தார்கள். தேறியவர்கள் 7,157 பேர். அதில் முழு மதிப்பெண் வாங்கியவர்களில் ஒருவன் மங்கோலியாவின் 15 வயதுப் பள்ளி மாணவன். இணையம் இருந்தால் போதும் என்பதற்கு உதாரணமாக அவனைப் பலர் காட்டினார்கள். ஆனால் அவனுடைய பள்ளி முதல்வரே எம்ஐடியில் படித்தவர். அந்தப் பாடத்தைத் தன் மாணவர்களுக்குக் கொண்டுவந்ததும், அவர்கள் கையால் செய்து பார்க்க ஆய்வகப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார் என்பதை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

அதனால் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். போன் கைக்கு வரும் நேரம் ஒத்துப்போகிறவர்களை ஒரே குழுவில் போடுங்கள், முதலில் கேட்ட கேள்விகள் இங்கே உதவும். வாரம் ஒருமுறை அவர்கள் சாதாரண அழைப்பில் பேசி, ஒரு கணக்கைச் சேர்ந்து போட வேண்டும். டேட்டா தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவையும் நான் பதினைந்து நிமிடம் அழைக்கிறேன். “புரிந்ததா?” என்று கேட்பதில்லை. “ஏழாவது வரியை எனக்கு விளக்குங்கள்” என்பேன். குரல் பதிவு அனுப்பிய அந்த மாணவி அவளுடைய குழுவுக்கு இரவு பதினோரு மணிக்குத் திட்ட விலக்கத்தை (தரவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) விளக்கியதை அப்படித்தான் கேட்டேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: கேமராவை வைத்துக் கண்காணிக்கும் தேர்வு வேண்டாம், இணைப்பு அறுந்தவரெல்லாம் குற்றவாளியாகத் தெரிவார்கள். ஆளுக்கு ஒரு தரவுத் தொகுப்பு கொடுத்து, விடையைப் பற்றி ஐந்து நிமிடம் போனில் கேள்வி கேளுங்கள். பார்த்து எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

கடைசியாக, பருவம் தொடங்கும் முன் ஒரு சோதனை. உங்களிடம் உள்ள பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்து, சிக்னல் மோசமாக இருக்கும் இடத்துக்குப் போய், முதல் வாரப் பாடத்தை மாணவியைப் போல இறக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வராத கோப்பை மறுபடி சின்னதாக்குங்கள்.