குடியிலிருந்து மீள உதவும் கூட்டத்தைத் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

குடியை நிறுத்துவது என்று முடிவெடுத்த ஒருவர் முகவரியைத் தேடிப் பிடித்துப் போகிறார். கதவு பூட்டியிருக்கிறது. கூட்டம் எப்போதோ வேறு நாளுக்கு மாறிவிட்டது, பட்டியலில் யாரும் திருத்தவில்லை. மற்றவர்களுக்கு இது வெறும் வீண் அலைச்சல். அவருக்கோ வீடு திரும்பும் வழியில் குடிப்பதற்கு ஒரு சாக்கு. கூட்டம் தேடுவதில் நடக்கும் சின்னத் தவறுகளையும் நான் லேசாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) போன்ற குழுக்களைக் குடியிலிருந்து மீண்டவர்களே நடத்துகிறார்கள். இடம் மாறும், நேரம் மாறும். அதனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், முதலில் போன் பண்ணுங்கள். இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி என்று கேளுங்கள். முதல் முறை வருகிறேன், யாராவது வாசலில் நிற்க முடியுமா என்றும் கேட்கலாம். பெரும்பாலும் சந்தோஷமாக வந்து நிற்பார்கள். ஏ.ஏ. பிறந்ததே ஒரு போன் அழைப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் அங்கே தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தாக்குப்பிடிக்கலாம் என்று போனை எடுத்தார். அப்படித்தான் அந்த ஊரிலேயே குடியோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர் பாப் கிடைத்தார். இருவரும் சேர்ந்துதான் ஏ.ஏ.வைத் தொடங்கினார்கள். கூச்சத்தில் போனை எடுக்காமல் இருப்பதுதான் முதல் தவறு.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று பார்க்காமல் போவது அடுத்தது. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். துணைக்கு மனைவியையோ நண்பரையோ அழைத்துப் போவதாக இருந்தால் இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் அந்த அளவுக்குக் குடிகாரன் இல்லையே" என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. உறுப்பினராக ஏ.ஏ. கேட்பது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்தும் விருப்பம். சான்றிதழ், கட்டணம் எதுவும் இல்லை. காணிக்கைப் பை சுற்றி வரும், முதல் முறை வருகிறவர் எதுவும் போட வேண்டியதில்லை. முழுப் பெயரும் தேவையில்லை. பேசச் சொன்னால், "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும்.

இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் அதிகம் குடிக்கும் ஒருவர், கூட்டத்துக்குப் போகுமுன் சுத்தமாகிவிட வேண்டும் என்று ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் நினைவு குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும் கடும் நிலையும் வரலாம், அது உயிரையே பறிக்கக்கூடும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் சிகிச்சைக்குத் துணையே தவிர மாற்று இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே சொல்கிறது.

பலரைக் கவிழ்ப்பது, ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுவது. ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது. ஓரிடத்தில் ஒருவர் மட்டும் தன் கதையைச் சொல்வார், இன்னோரிடத்தில் எல்லோரும் பேசுவார்கள், வேறிடத்தில் குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துப் படிப்பார்கள். ஒன்றில் வயதானவர்களே இருப்பார்கள், ஒன்றில் பெண்கள் மட்டும். நாலைந்து வெவ்வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஏ.ஏ. கூட்டங்களில் வரும் கடவுள் பற்றிய பேச்சு ஒட்டவில்லையா? 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்களில் அது இல்லை, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் முறைகளைச் சொல்லித் தருகிறார்கள். இன்னொன்று, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு முடிந்ததும் நழுவிவிடாதீர்கள். நாற்காலிகளை மடக்கி அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேச்சு தொடங்கும், போன் நம்பர் கைக்கு வரும். இரவு பதினொரு மணிக்குக் கை பரபரக்கும்போது உதவப்போவது அந்த நம்பர்தான்.

குடிக்கிறவருக்காக வீட்டார் கூட்டம் தேடுவதும் உண்டு. அவரை இழுத்துக்கொண்டு போவதிலேயே வருடங்கள் போய்விடும், தங்களைக் கவனிக்க மாட்டார்கள். அல்-அனான் 1951-இல் குடும்பத்தாருக்கென்றே தொடங்கியது. அங்கே போக, குடிக்கிறவர் நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது.

அப்புறம், நடுவில் மறுபடி குடித்துவிட்டால் வெட்கப்பட்டு அந்தக் கூட்டத்துப் பக்கமே போகாமல் இருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதே மாதிரி விழுந்து, திரும்பி வந்தவர்கள்தான். அடுத்த கூட்டம் என்றைக்கோ, அன்றைக்கே போங்கள். நேரில் போக முடியாத நாளில் ஆன்லைன் கூட்டத்திலாவது சேர்ந்துகொள்ளுங்கள்.