படகில் ஏறும் முன் கேட்க வேண்டியது

லீவு விட்டால் மதுரையிலிருந்து தேக்கடிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறோம். டிக்கெட் எடுக்கும்போதே படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டுவிடுங்கள்.

பாட்டியோ கைக்குழந்தையோ கூட வந்தால், அடியில் நீள மிதவைகள் பொருத்திய தட்டையான படகு கிடைக்கிறதா என்று பாருங்கள். அகலமாக இருப்பதால் ஏறி இறங்கும்போது அவ்வளவாக ஆடாது. அதற்கும் எடைக் கணக்கு உண்டு. ஆள் கூடக்கூட மிதவை அமிழும், மோட்டார் திணறும். நிறைய பேர் ஏறும் படகில் சின்ன மோட்டார் என்றால் எதிர்க்காற்றில் கரை திரும்பவே பாடுபடும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நான் மறக்கவில்லை. அதனால் யானை தெரிந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கரையிலேயே சொல்லிவிடுவேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பெயருக்கு மாட்டாதீர்கள். பட்டைகளை இறுக்கிவிட்டு, பிள்ளையின் தோள் பக்கம் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் சைஸ் பெரிது. சின்னது கேட்டு வாங்குங்கள்.