சுருட்டுப் பெட்டிக்கு ஈரப்பதமானி: தேர்விலும் பயன்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுருட்டுகளை ஈரம் குறையாமல் காத்துவைப்பதற்கென்றே உள்ளது சுருட்டுப் பெட்டி. என்னிடம் முதலில் இருந்த பெட்டியோடு, பித்தளை விளிம்பு வைத்த வட்டமுகப்பு ஈரப்பதமானி ஒன்று வந்தது. நான்கு மாத காலம் அதன் முள் 70 என்ற எண்ணை விட்டு அசையவே இல்லை. அசையாத முள்ளைக் கண்டு பெட்டி செவ்வனே இயங்குகிறது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒருநாள் அடித்தட்டிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து இரு விரல்களுக்கு இடையே மெல்ல அழுத்தியபோது, காய்ந்த சருகைப் போலச் சரசரத்து அதன் மேலிலை நீளவாக்கில் பிளந்தது. கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தேன், அங்கும் 70. கொதிக்கும் நீரின் ஆவிக்கு மேலே பிடித்துப் பார்த்தேன், அப்போதும் 70. உள்ளே இருந்த சுருள்வில் முகப்புத் தட்டில் உரசிச் சிக்கிக்கொண்டிருந்தது.

எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்யுமுன், அது எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சுருட்டுகளைப் பெரும்பாலும் 65 முதல் 70 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் (அந்த வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய முழு நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) வைப்பார்கள். 75ஐத் தாண்டிய நிலையில் நெடுநாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும் அபாயம் கூடுவதோடு, சுருட்டு உப்பி, புகை இழுக்கக் கடினமாகி, சீராக எரியாமல் போகும். 60க்குக் கீழே இறங்கிவிட்டால் எண்ணெய்ப்பசையும் மணமும் குறையும். மேலிலை நொறுங்கத் தொடங்கும். ஆக, நாம் விரும்பும் நிலைக்கும் கேடு தொடங்கும் நிலைக்கும் இடையே இருப்பது ஐந்து புள்ளிதான். இந்த நிலையில் ±5 சதவீதப் பிழை உள்ள கருவி 70 என்று காட்டினால், உண்மை 65 ஆகவும் இருக்கலாம், 75 ஆகவும் இருக்கலாம். அறைச் சுவரில் மாட்டிவைக்கும் கருவிக்கு அந்தப் பிழை ஒரு பொருட்டன்று. சுருட்டுப் பெட்டிக்கு அது உதவாது. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஏதோ ஒரு ஈரப்பதமானியை எடுத்துப் பெட்டிக்குள் போடுவது முதல் தவறு ஆவது இதனால்தான்.

பெட்டியோடு வரும் முள் கருவியை நம்புவது அதைவிடப் பரவலான தவறு. இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது, ஈரத்தை உறிஞ்சும் பூச்சோ தாளோ ஒட்டிய மெல்லிய உலோகச் சுருள். ஈரம் ஏற ஏற அந்த மேற்பூச்சு விரிந்து சுருளைத் திருக, முள் நகர்கிறது. மலிவாகச் செய்யும்போது சுருளும் பூச்சும் முள்ளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை; பத்துப் புள்ளி தள்ளிக் காட்டும் கருவியைக் கடையில் வரிசையாகப் பார்க்கலாம். ஒரே அலமாரியில் உள்ள ஐந்து கருவிகள் ஐந்து விதமாகக் காட்டினால், அவற்றில் குறைந்தது நான்கு கருவிகள் நிச்சயமாகப் பொய் சொல்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முள் கருவிகளிலேயே மயிரிழையைக் கொண்டு இயங்கும் வகை வேறு. மனித மயிர் காய்ந்த காற்றில் சுருங்கி ஈரக் காற்றில் நீள்வதை வைத்து, ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிஞர் 1783இல் தம் ஈரப்பதமானியை விளக்கி நூலே எழுதினார். முழுக்கக் காய்ந்த நிலையிலிருந்து முழு ஈரநிலைக்குப் போகும்போது மயிரின் நீளம் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. அந்தச் சிறு நீட்சியைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் நெம்புகோலின் வேலை. ஒழுங்காகச் செய்த மயிரிழைக் கருவி இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் காய்ந்த காற்றில் பல வாரம் இருந்தால் மயிர் சோர்ந்துவிடும். அவ்வப்போது ஈரத்துணியில் சுற்றிவைத்து அதற்கு உயிரூட்ட வேண்டும். இந்த ஈரத்துணி வைத்தியத்தைக் கேள்விப்பட்டவர்கள் உலோகச் சுருள் கருவிக்கும் மின்னணுக் கருவிக்கும் அதையே செய்து பார்க்கிறார்கள். சுருளில் துரு ஏறும். மின்னணுக் கருவியில் உணரியின்மேல் நீர் படிந்து, அதன் அளவீடு பல நாட்களுக்குத் தள்ளிப்போய்விடும்.

இனி மின்னணுக் கருவிக்கு வருவோம். பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனாலும் இதில்தான் ஏமாறும் வழிகள் அதிகம். திரையில் 68.4 என்று தசமப் புள்ளியோடு எண் தெரிந்தால், அந்த 4 வரைக்கும் கருவி அளந்திருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. எத்தனை நுணுக்கமாக எண்ணைக் காட்டுகிறது என்பதும், அந்த எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். தசமம் காட்டும் கருவி மூன்று புள்ளி பிசகலாம். முழு எண் மட்டும் காட்டும் கருவி அதைவிடச் சரியாக இருக்கலாம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ±2 என்று போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் தாளைப் புரட்டி, அந்த உறுதி எந்த ஈரப்பத எல்லைக்கு, எந்த வெப்பநிலையில் தரப்பட்டிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். நடு எல்லையில் மட்டும் ±2 என்றும், அதற்கு மேலும் கீழும் ±5 அல்லது அதற்கும் கூடுதலாக என்றும் சிறு எழுத்தில் இருக்கும். 70 என்பது அந்த நடு எல்லைக்குள் வருகிறதா என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

இக்கருவிகளின் உணரியில், நீராவியை ஏற்று வெளிவிடும் ஒரு பலபடிப் படலம் இருக்கிறது. படலத்தில் நீர் ஏறினால் மின்தேக்கத் திறன் மாறுகிறது; சில்லு அதைச் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. ஒப்பு ஈரப்பதம் வெப்பநிலையைச் சார்ந்தது என்பதால், உணரி இருக்கும் இடம் பெட்டியின் மற்ற பகுதியைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தாலும், 70 சதவீத அளவில் ஏறக்குறைய 4 புள்ளி குறைத்துக் காட்டும். ஜன்னல் வெயில் படும் பக்கச் சுவரில் கருவியை ஒட்டிவைத்துவிட்டுப் பெட்டி காய்கிறது என்று, உள்ளே ஈரம் தரும் ஈரமூட்டியில் நீரை ஊற்றியவர்களை நான் அறிவேன். ஆதலால் வெப்பநிலையும் காட்டும் கருவியையே வாங்குங்கள். சுருட்டைத் துளைக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் வெப்பம் 24, 25 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பொரிக்கும் வாய்ப்பு கூடுவதால், அந்த எண்ணுக்குத் தனியாகவும் ஒரு பயன் உண்டு.

நான் நம்பகமானது என்று சொல்வது, தன் பிழை எவ்வளவு என்பதைக் கண்டறிய இடம் கொடுத்து, அந்தப் பிழையை நாளுக்கொரு விதமாக மாற்றாமல் வைத்திருக்கும் கருவியை. எப்போதும் மூன்று புள்ளி கூட்டிக் காட்டும் கருவியோடு காலம் தள்ளலாம். இன்று கூட்டியும் நாளை குறைத்தும் காட்டுவதோடு முடியாது. ஆகவே வாங்கியதும் சோதிக்காமல் பெட்டிக்குள் வைப்பதை எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பேன்.

சோதனைக்கு வேண்டியது சமையல் உப்புதான். உப்பும் நீரும் கலந்த தெவிட்டிய கரைசலுக்கு மேலே, மூடிய இடத்தில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 25 டிகிரியில் 75.3 சதவீதத்தில் நின்றுவிடும். வெப்பநிலை 10 முதல் 30 டிகிரி வரை மாறினாலும் இந்த எண் அரைப் புள்ளிக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ஈர மணலைப் போல ஆக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். மேலே நீர் தேங்கி நிற்கக் கூடாது. இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். நீர் அதிகமாகி உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் அது தெவிட்டிய கரைசல் ஆகாது. ஈரப்பதம் 75ஐத் தாண்டிப் போய்விடும், நல்ல கருவியைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். கரையாத உப்புத் துகள் கண்ணுக்குத் தெரிகிற வரையில் கவலை இல்லை. மூடியையும் கருவியையும் ஒன்றோடொன்று தொடாதபடி ஜிப்லாக் பையில் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, வெயிலும் விசிறியும் படாத இடத்தில் ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் எட்டிப்பார்த்து 71 என்று குறித்துக்கொண்டு நாலு புள்ளி திருத்தம் செய்வது வீண்வேலை. பையும் கருவியின் கூடும் ஈரத்தோடு சமநிலைக்கு வர நேரம் வேண்டும். பையைத் திறக்காமலே வெளியிலிருந்து எண்ணைப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனெனில் நானே முதல் முறை திறந்துதான் படித்தேன்.

உப்போடு மல்லுக்கட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கு, போவேடா போன்ற நிறுவனங்கள், சுற்றியுள்ள காற்றைக் குறித்த ஈரப்பதத்தில் நிறுத்தும் தம் சிறு பைகளில் 75 சதவீதச் சோதனைப் பையையும் விற்கின்றன. அதில் நேரும் தவறு ஒன்றே: சுருட்டுப் பெட்டிக்குள் பல மாதம் கிடந்து உலர்ந்துபோன பையை எடுத்துச் சோதனைக்கு வைப்பது. கெட்டியாகிவிட்ட பை சொன்ன ஈரப்பதத்தைக் கொடுக்காது.

75இல் மூன்று புள்ளி கூட்டிக் காட்டுவதால் 65இலும் அதே மூன்றுதான் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நமது எல்லை 75க்கு அருகிலேயே இருப்பதால் பெரும்பாலும் இது பெரிய வேறுபாட்டைத் தராது. ஆயினும் ஐயம் இருந்தால், புதிதாக உறை பிரித்த 65 சதவீதப் பையோடு அதே கருவியை இன்னொரு நாள் அடைத்துவைத்துப் பாருங்கள். மக்னீசியம் குளோரைடு கரைசல் தரும் 33 சதவீதம் ஆய்வகத்தாருக்குப் பயன்படும். சுருட்டு வைத்திருப்பவருக்கு அவ்வளவு கீழே வேலை இல்லை.

அளவைத் திருத்தும் பொத்தான் இல்லாத கருவியை வாங்கவே கூடாது என்ற கருத்தும் உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை மூன்று என்று தெரிந்துவிட்டால் அதை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டினால் போதும். சொல்லப்போனால், பொத்தான் உள்ள சில கருவிகள் மின்கலம் மாற்றியதும் செய்த திருத்தத்தை மறந்துவிடுகின்றன. உடையவரோ திருத்தம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே இருப்பார். தாள் எதையும் மறப்பதில்லை.

நல்ல கருவியையும் கெடுப்பது அதை வைக்கும் இடம். ஈரமூட்டியின் அருகில் வைத்தால் கூடுதலாகக் காட்டும். மூடியில் துளையிட்டுப் பொருத்தினால் வெளிக்காற்று கசிந்து, பாதி அறையையும் பாதி பெட்டியையும் அளக்கும். சுருட்டுகளின் மட்டத்தில், ஈரமூட்டிக்கு எட்டத்தில் வையுங்கள். பெரிய பெட்டியானால் கருவியை ஒவ்வொரு தட்டிலும் ஒருநாள் வைத்துக் குறித்துக்கொண்டால், மேலும் கீழும் எவ்வளவு வேறுபாடு என்பது வெளிப்படும். கம்பியில்லாமல் கைப்பேசிக்கு எண்ணை அனுப்பும் கருவி வசதிதான், மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். ஆனால் உலோகப் பெட்டிக்குள் அதன் அலை வெளியே வரத் திணறும், வாங்குமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்தவுடன் எண் 58க்கு விழுவதைக் கண்டு பதறுவது இன்னொன்று. 20 லிட்டர் பெட்டியில் உள்ள காற்று, 20 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது, அதில் உள்ள நீர் கால் கிராம் அளவே. 12 கிராம் எடையுள்ள ஒரே ஒரு சுருட்டில் ஒரு கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. காற்று போனால் போகட்டும், சுருட்டும் பெட்டியின் உள் மரப்பலகையும் ஒரு மணி நேரத்தில் அதை மீண்டும் நிரப்பிவிடும். கருவி காட்டியது அந்த நேரத்துக் காற்றை. அதற்காக ஈரமூட்டியில் நீரை ஊற்றினால் மறுவாரம் பூஞ்சையோடு போராட வேண்டியிருக்கும்.

இரண்டு கருவிகள் வாங்கி, ஒன்று 66, மற்றது 72 என்று காட்டினால், 69 என்று சராசரி எடுப்பவர்களும் உண்டு. இரண்டில் ஒன்று ஆறு புள்ளி பிசகியிருந்தால் சராசரியும் மூன்று புள்ளி பிசகும். இரண்டையும் ஒரே உப்புப் பையில் வைத்தால் ஓர் இரவிலும் ஒரு பகலிலும் வழக்கு தீர்ந்துவிடும். உணரி காலப்போக்கில் நகர்வதும், வார்னிஷ், பசை போன்றவற்றின் ஆவியாலும் பல நாள் மிகை ஈரத்தாலும் பாதிக்கப்படுவதும் உண்டு என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மின்கலம் மாற்றும் நாளை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

என் பெட்டியில் இப்போது இருப்பது, முதுகில் "3 கழிக்க" என்று எழுதிய தாள் ஒட்டிய சிறிய மின்னணுக் கருவி. அந்தப் பித்தளை வட்டமுகப்பைத் தூக்கி எறிய மனம் வராமல் மூடியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். இன்று காலையிலும் பார்த்தேன், 70 காட்டுகிறது.