கமெண்டில் லிங்க் போட்டால் ரேங்க் ஏறுமா? ஆன்லைன் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆயிரம் பேக்லிங்க், ஒரே மாதத்தில் கூகுள் முதல் பக்கம்" என்று வாட்ஸ்அப்பில் விலை பேசுவார்கள். பேக்லிங்க் என்றால் வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். அந்த ஆயிரத்தில் பெரும்பங்கு, யாரோ எழுதிய பதிவுகளுக்குக் கீழே போடும் கமெண்ட்தான். நெல்லைக்காரருக்கே அல்வா கொடுக்கிற வியாபாரம் இது.

லிங்க் எங்கே கிடந்தாலும் மதிப்பு உண்டு என்று நம்புவதுதான் முதல் தவறு. கமெண்ட் குப்பையைத் தடுக்கவே 2005 ஜனவரியில் கூகுள் 'நோஃபாலோ' (nofollow) குறியைக் கொண்டுவந்தது; இந்த லிங்கை ரேங்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி அது. வேர்ட்பிரஸ்ஸும் பிளாகரும் கமெண்ட் லிங்குகளில் அதைத் தாமாகவே சேர்த்துவிடும். 2019 செப்டம்பரில், வாசகர்கள் போட்ட லிங்க் என்று காட்டும் 'யுஜிசி' (ugc) என்ற குறியும் வந்தது. அப்போது முதல் நோஃபாலோவைக் கட்டளையாக இல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்றது கூகுள். அதைப் பிடித்துக்கொண்டு "இனிமேல் கமெண்டும் கணக்கில் வரும்" என்று விற்கிறவர்களும் உண்டு. நம்பாதீர்கள். கணினியில் குரோமைத் திறந்து, கமெண்டில் இருக்கும் ஒரு லிங்க் மேல் ரைட் கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். விரியும் வரியில் 'ரெல்' (rel) என்பதை அடுத்து இந்த இரண்டில் ஒன்று இருந்தால், ரேங்குக்காக அங்கே மெனக்கெட வேண்டாம்.

நோஃபாலோ இல்லாத தளமாகத் தேடிப் போவது இன்னும் மோசம். கவனிக்க ஆளில்லாத தளங்கள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும்; சூதாட்டம், கடன், மாத்திரை லிங்குகளுக்கு நடுவே உங்கள் கருப்பட்டிக் கடை லிங்கும் வரிசையில் நிற்கும். குப்பை லிங்குகளைப் பிடிக்க 2012-இல் வந்த 'பெங்குவின்' என்ற கூகுள் நிரல், 2016 முதல் கூகுளின் மைய நிரலிலேயே சேர்ந்துவிட்டது. இப்போது இத்தகைய லிங்குகளை அது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை, கொடுத்த காசு வீண். அளவு மீறினால், கூகுள் ஊழியரே உங்கள் தளத்தைப் பார்த்து எடுக்கும் நடவடிக்கையும் வரலாம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் அது தெரியும். அங்கே ஒன்றும் இல்லாதபோது, பயந்துபோய், 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளுக்குச் சொல்லும் 'டிஸவோ' கருவியில் லிங்குகளைத் தள்ளுவது வேண்டாத வேலை.

கமெண்டின் பெயர்க் கட்டத்தில் "திருநெல்வேலி அல்வா ஆன்லைன்" என்று போட்டு, கீழே "அருமையான பதிவு" என்று எழுதினால் நேரே ஸ்பாம் பெட்டிக்குத்தான் போகும். கல்யாணச் சீர் பற்றிய பதிவில் ஒருவர், "பத்தமடைப் பாயில் மாப்பிள்ளை பொண்ணு பேரைப் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டிருக்கிறார் என்று வையுங்கள். பாய் விற்கிறவர் சொந்தப் பெயரிலேயே பதில் சொல்லலாம்: போட்டுத் தருவார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், என்ன அளவு, என்ன விலை. கேட்டவருக்குப் பயன்படும் என்றால் மட்டும் ஒரு லிங்க். ரேங்க் நகராது, ஆனால் வாங்க நினைப்பவர் வருவார். எத்தனை பேர் வந்தார்கள் என்பது கூகுள் அனலிட்டிக்ஸில், வேறு தளங்களிலிருந்து வந்தவர்களைக் காட்டும் 'ரெஃபரல்' கணக்கில் தெரியும்.

உங்கள் தளத்தையும் திறந்து போடாதீர்கள். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் 'டிஸ்கஷன்' பக்கம் போனால், 2 லிங்க் இருக்கும் கமெண்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கும். அந்த 2-ஐ 1 ஆக்குங்கள்.