கப்பலா, விமானமா? ஆன்லைன் விற்பனைக்குச் சரக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரூரில் கிச்சன் டவல் தைத்து, சொந்தப் பெயரில் அமெரிக்க அமேசானில் விற்க நினைக்கும் ஒருவர், சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவரான ஃபார்வர்டரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ஏர்ல கிலோ எவ்வளவு? ஷிப்ல சிபிஎம் எவ்வளவு?" இதைக் கேட்பதில் தவறில்லை. அந்த இரண்டு ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குறைவு என்று பார்த்து முடிவெடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஒன்று கிலோவுக்கு, மற்றது கன மீட்டருக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டுமே இல்லை. ஒரு பீஸ் அமெரிக்கக் கிடங்கில் விற்பனைக்குத் தயாராக நிற்கும்போது அதன் மேல் எத்தனை ரூபாய் ஏறியிருக்கிறது, எந்தத் தேதியில் நிற்கிறது என்ற கணக்கு. அதைப் போடாமல் அனுப்பி, சீசன் முடிந்தபின் சரக்கு போய்ச் சேர்ந்து, கடன் வாங்கிப் போட்ட பணம் முடங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தராசை மட்டும் நம்புவது

விமானத்தில் நிஜ எடை, கன அளவு எடை என்று இரண்டைப் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குத்தான் பில். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஏர் கார்கோவின் கன அளவு எடை வரும். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கும், அதாவது இன்னும் அதிக எடை காட்டும். கப்பலில் பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்சிஎல் முறையில் ஒரு கன மீட்டரும் ஒரு டன்னும் சமம். அங்கேயும் எது அதிகமோ அதுதான்.

ஒரு உதாரணம். டவல் பெட்டி 60×40×40 செ.மீ., உள்ளே 20 செட், தராசில் 14 கிலோ. கன அளவு எடை 16 கிலோ. கணக்குக்காக ஏர் ரேட் கிலோ 350 ரூபாய், கப்பலில் எல்லாச் செலவும் சேர்த்துக் கிடங்கு வரை கன மீட்டருக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (ரேட் வாராவாரம் மாறும், அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) விமானத்தில் பெட்டிக்கு 5,600 ரூபாய், ஒரு செட்டுக்கு 280. கப்பலில் பெட்டி 0.096 கன மீட்டர், 1,440 ரூபாய், ஒரு செட்டுக்கு 72. வித்தியாசம் 208 ரூபாய்.

இதே ரேட்டில் குஷனைப் பாருங்கள். 60×50×50 பெட்டி, தராசில் 9 கிலோதான். "லைட் வெயிட்தானே, ஏர்ல போடலாம்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் பில் வருவது 25 கிலோவுக்கு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இதற்கு நேர் எதிர். 30×30×40 பெட்டியில் 8 கிலோ பித்தளை என்றால் கன அளவு எடை 6 கிலோதான், பில் 8 கிலோவுக்கு. விமானத்தில் 2,800 ரூபாய், கப்பலில் 540.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டவலுக்கும் குஷனுக்கும் விமானச் செலவு கப்பல் செலவைப்போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கிறது, காரணம் இரண்டிலும் கன அளவுதான் பில்லைத் தீர்மானிக்கிறது. விளக்கு போன்ற கனமான பொருளுக்கு அது ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. ஆகவே ரேட்டுக்காகப் பேரம் பேசும் முன் பெட்டியை இறுக்குங்கள். குஷனை வேக்யூம் பேக் செய்து பெட்டியைப் பாதியாக்கினால் 25 கிலோ பன்னிரண்டரை கிலோ ஆகிவிடும். எந்த ஃபார்வர்டரும் பாதி ரேட்டுக்கு இறங்க மாட்டார்.

முடங்கும் பணத்தைத் தவறாக மதிப்பிடுவது

"கப்பல்ல போட்டா ரெண்டு மாசம் பணம் முடங்கிடும், அதனால ஏர்" என்று சிலர் சொல்வார்கள். சரி, எவ்வளவு முடங்குகிறது என்று பார்த்துவிடலாம். டவல் செட்டின் அடக்கவிலை 400 ரூபாய், வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், விமானத்துக்கும் கப்பலுக்கும் 50 நாள் வித்தியாசம். வட்டி ஆறரை ரூபாய். இந்த ஆறரை ரூபாயை மிச்சப்படுத்த 208 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது எந்த வகையிலும் கட்டாது.

அதே கணக்கை 20,000 ரூபாய் பட்டுப்புடவைக்குப் போட்டால் 50 நாள் வட்டி கிட்டத்தட்ட 330 ரூபாய். பெட்டியோடு ஒரு கிலோ என்றாலும் விமானக் கட்டணம் 350 ரூபாய்தான். கடலில் ஈரம் படும் பயமும் இல்லை. பட்டு விமானத்தில் போவதும் டவல் கப்பலில் போவதும் ஒரு கிலோவுக்குள் எத்தனை ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பொருளுக்கு இந்த எண்ணை ஒரு தடவை போட்டுப் பார்த்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன சரக்குக்கும் கப்பல்தான் மலிவு என்று நினைப்பது

எல்சிஎல்லில் பெரும்பாலும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் காசு வாங்குவார்கள். மூன்று பெட்டி அனுப்பினாலும் அதுதான். அதோடு இரண்டு பக்கமும் சரக்குப் பெட்டக நிலையமான சிஎஃப்எஸ் கட்டணம், டாக்குமெண்ட் கட்டணம், சுங்க முகவர் கட்டணம் என்று அளவைப் பொறுத்துப் பெரிதாகக் குறையாத செலவுகள் நிறைய. ஒரு கன மீட்டருக்குள் அடங்கும் சரக்கு என்றால் இரண்டு வழிக்கும் கிடங்கு வாசல் வரை ரேட் வாங்காமல் முடிவெடுக்காதீர்கள். விமானமே மலிவாக வரலாம்.

வாசல் வரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்சிஎல்லில் கடல் கட்டணத்தை மிகக் குறைவாகக் காட்டி, இறங்கும் துறைமுகத்துச் செலவில் அதை ஈடுகட்டும் பழக்கம் இந்தத் தொழிலில் பழையது. நியூயார்க் துறைமுகம் வரை என்ற ரேட்டையும் கிடங்கு வாசல் வரை என்ற ரேட்டையும் ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் பலர். "டெஸ்டினேஷன் சார்ஜ் தனித்தனியா எழுதிக் கொடுங்க" என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குபவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

கப்பல் ஓடும் நாளை மட்டும் எண்ணுவது

என் கண்ணுக்கு அதிகப் பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். ஃபார்வர்டர் "35 நாள்" என்றால், அது பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரையான நாள். அதற்கு முன்னால் சிஎஃப்எஸ்ஸில் கன்டெய்னர் நிறையும் வரை காத்திருப்பு இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து போனால் பெரும்பாலும் சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். கொழும்பில் நெரிசல் என்றால் உங்கள் கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். அந்தப் பக்கம் இறங்கியதும் சுங்கம், சிஎஃப்எஸ்ஸில் பிரிப்பு, லாரி, அப்புறம் அமேசான் கிடங்கு சரக்கை எண்ணி உள்ளே எடுக்கும் நாள்கள். எல்சிஎல்லில் கூட வரும் இன்னொருவர் சரக்கின் மேல் சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் கன்டெய்னர் முழுவதும் நிற்கும், உங்கள் காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

வழியும் நிலையானதில்லை. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள்மேல் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சிப் படையின் தாக்குதல்கள் தொடங்கியபின், பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணத்தில் சுமார் பத்து நாள் முதல் இரண்டு வாரம் கூடியது. விமானமும் சொன்ன நாளுக்கு வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஏர் கார்கோவில் பெரும் பங்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. 2020-இல் பயணிகள் விமானங்கள் நின்றபோது இடமே கிடைக்காமல் ரேட் எகிறியது.

ஆகவே கம்பெனி வாசலில் லாரி ஏற்றும் நாளிலிருந்து, அமேசானில் வாங்க முடியும் நிலைக்கு வரும் நாள் வரை எண்ணுங்கள். உங்கள் சென்ற மூன்று நான்கு ஷிப்மெண்டின் தேதிகளை எடுத்து, சராசரியை விட்டுவிட்டு, அதில் மிக மோசமானதை வைத்துத் திட்டமிடுங்கள். அது 60 நாள், தயாரிக்க 30 நாள், தினமும் 20 செட் விற்கிறது என்றால் 1,800 செட் உங்களுக்கு எப்போதும் தேவை. இருபது நாள் பாதுகாப்புக்கு இன்னும் 400. கையிருப்பும் வழியில் இருப்பதும் சேர்ந்து 2,200-ஐத் தொட்ட நாளே அடுத்த ஆர்டர் போட வேண்டிய நாள். "இன்னும் ஆயிரம் இருக்கே" என்று உட்கார்ந்திருந்தால், பிறகு விமானத்தைத் தேடி ஓட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்புவது

விமானத்தை அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் அது எப்போதும் நஷ்டக் கணக்காகவே இருக்கும். முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்தால் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. புதுப் பொருளா? 100 அல்லது 150 பீஸை விமானத்தில் அனுப்பி விற்றுப் பாருங்கள். ரிவ்யூ வரட்டும், எந்த நிறம் ஓடுகிறது என்று தெரியட்டும். ஓடாத நிறத்தில் அரை கன்டெய்னர் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் கிடங்கு வாடகைதான் மிஞ்சும். ஓடும் பொருளுக்கு அடிப்படைச் சரக்கைக் கப்பலில் போட்டு, பத்தில் ஒரு பங்கையோ இரண்டு பங்கையோ விமானத்தில் முன்னால் அனுப்பினால், கப்பல் தாமதமானாலும் பட்டியலில் 'ஸ்டாக் இல்லை' என்று வராது. நடுவழியும் ஒன்று உண்டு: துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம். நாளும் செலவும் இரண்டுக்கும் இடையில் வரும்.

நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடேயும் கிறிஸ்துமஸும் குறி என்றால் கப்பல் சரக்கு ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுவது நல்லது. தாமதமாகிவிடும் என்ற பயத்தில் தேவைக்கு மேல் குவிப்பதும் ஆபத்து. அமேசான் கிடங்கு வாடகை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்ற மாதங்களைவிட அதிகம்.

சுங்கத்தைக் கடைசியில் நினைப்பது

அமெரிக்கா பொருளின் விலைக்குத்தான் வரி போடும், பன்னாட்டுச் சரக்குக் கட்டணத்தைச் சேர்க்காது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தங்கள் எல்லை வரையான சரக்குக் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிடும். அதாவது ஜெர்மனிக்கு விமானத்தில் அனுப்பினால் அந்தக் கூடுதல் கட்டணத்தின் மேலும் வரி ஏறும். ஒரே டவலுக்கு அமெரிக்கக் கணக்கும் ஜெர்மன் கணக்கும் வேறு வேறு.

800 டாலருக்குள் உள்ள பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. அதை நம்பி, ஒவ்வொரு ஆர்டரையும் இங்கிருந்தே விமானத்தில் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பியவர்கள் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கிறது. கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பினால் ஐஎஸ்எஃப் என்னும் விவரப் பதிவு, சரக்கு கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். தவறினால் 5,000 டாலர் அபராதம் வரலாம். இன்னொன்று, அமேசான் உங்களுக்காக இறக்குமதியாளராக இருக்காது. அந்தப் பெயர் யாருடையது என்பதைச் சரக்கு கிளம்பும் முன் முடிவு செய்யுங்கள்.

விமானத்துக்குக் கட்டிய பெட்டியைக் கப்பலில் போடுவது

கடலில் கன்டெய்னர் பகலில் சூடாகி இரவில் குளிரும். உள்ளே இருக்கும் ஈரம் கூரையில் நீராகத் திரண்டு பெட்டிமேல் சொட்டும். பருத்திக்குப் பூஞ்சை பிடிக்க இது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேக் செய்யும் துணியில் இங்கேயே ஈரம் ஏறியிருக்கும். நன்றாக உலர்த்தி, பாலி பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பைகளையும் வைத்து அனுப்புங்கள். பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட் என்றால், மரத்தில் பூச்சி பரவாமல் வெப்பப் பதம் செய்ததைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும்.

இன்ஷூரன்ஸை மிச்சம் பிடிப்பது

2025 மே 25-இல் கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 சுமார் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. எவர் கிவன் மூழ்கவில்லை, ஆனால் அதன் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். அதன்படி கப்பலைக் காப்பாற்றிய செலவில், சேதமே இல்லாத சரக்கின் சொந்தக்காரரும் பங்கு கொடுக்க வேண்டும், அதற்கு உறுதி கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும். மரைன் பாலிசி இருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவுக்குப் போகும் கடல் சரக்கில், மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பேக்கேஜுக்கு 500 டாலரோடு முடிகிறது. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் "ஒரு பேலட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த முழுப் பேலட்டும் ஒரே பேக்கேஜாகக் கணக்கிடப்படலாம். "ஒரு பேலட், 40 அட்டைப்பெட்டி" என்று எழுதச் சொல்லுங்கள். டிராஃப்ட் பில் உங்கள் மெயிலுக்கு வரும்போது, ஓகே சொல்வதற்கு முன் பெட்டி எண்ணிக்கை வரியைப் படித்துப் பாருங்கள்.