வீட்டுக்கு நாமே கேமரா மாட்டுவது: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போய் வீட்டுக்கு கேமரா வேண்டும் என்று சொன்னால் அடுத்த நொடியே "எத்தனை கேமரா சார்?" என்று கேட்பார்கள். நீங்கள் யோசிப்பதற்குள் நாலு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு சுருள் கேபிள் என்று ஆஃபர் செட் மேசை மேல் வந்துவிடும். அதற்கு அப்போதே பதில் சொல்ல வேண்டாம். எத்தனை என்பது கடைசியில் தானாக வரும் கணக்கு. முதலில் தெரிய வேண்டியது, உங்கள் வீட்டில் எந்த இடத்தில் வந்து நிற்கும் ஆளின் முகம் உங்களுக்குத் தெளிவாக வேண்டும் என்பதுதான்.

நம்ம ஊரில் அதிகம் இருக்கும் அரை கிரவுண்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். முப்பதுக்கு நாற்பது மனை, தெருப் பக்கம் கேட், உள்ளே பைக் நிற்கும் போர்டிகோ, பக்கவாட்டில் மூன்றடி சந்து, பின்னால் மோட்டாரும் துணி துவைக்கும் கல்லும், வெளிப்பக்கமாக மொட்டை மாடிக்கு ஏறும் படி. இந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் கேட், சந்தின் வாய், படியின் அடி இந்த மூன்றில் ஒன்றையாவது கடந்துதான் ஆக வேண்டும், பின்சுவர் ஏறிக் குதிப்பவன் உட்பட, ஏனென்றால் அவனும் கதவுக்கோ மாடிக்கோ போகத்தானே குதிக்கிறான். அப்படி ஒடுங்கிய இடங்களைப் பார்த்து மாட்டுங்கள். தெரு முழுக்கத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் உயரமாக மாட்டினால் தலைமுடியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும். எட்டிலிருந்து பத்தடி உயரம் போதும். கை எட்டாது, முகமும் கிடைக்கும்.

சரி, எத்தனை மெகாபிக்சல்? இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கேமராக்களுக்கான சர்வதேசத் தர அளவு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஆளை இன்னார் என்று அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படத்தின் புள்ளிகள், வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆள்தானா என்று பார்க்க 125 போதும். யாரோ நடமாடுகிறார்கள் என்று மட்டும் தெரிய 25. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் வரும், அதாவது படத்தில் தெரியும் காட்சியின் அகலம் 7.7 மீட்டருக்குள் இருக்கும் வரைதான் முகம் தேறும். அந்த அகலம் எத்தனை அடி தூரத்தில் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ். 2.8 மி.மீ. லென்ஸ் நன்றாக விரித்துக் காட்டும், ஆனால் தோராயமாகப் பத்தடிக்கு அப்பால் முகம் கரையத் தொடங்கிவிடும். 3.6 மி.மீ. என்றால் பதின்மூன்று பதினாலு அடி. 6 மி.மீ. என்றால் இருபத்தைந்து அடி வரை போகும், பதிலுக்குக் காட்சி குறுகிவிடும். 4 மெகாபிக்சலில் அகலம் 2560 பிக்சல், ஆகவே இந்தத் தூரங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். பத்தடி தள்ளி இருக்கும் கேட்டுக்கு 2.8 போட்டாலே சமாளிக்கலாம், இருபதடி தள்ளி என்றால் 8 மெகாபிக்சல் தேடி ஓடுவதை விட 6 மி.மீ. லென்ஸ் கேட்டு வாங்குவது மலிவு. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் லென்ஸ் அளவு போட்டிருக்கும், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, வாசல் கிழக்குப் பார்த்த வீடு என்றால் சுவரிலிருந்து கேட்டைப் பார்க்கும் கேமராவுக்குக் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கேட்டில் நிற்பவர் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிவார். மேற்கு வாசலுக்கு இதே தொல்லை மாலையில். டபிள்யூடிஆர் என்பது வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் வசதி. ட்ரூ டபிள்யூடிஆர், 120 டெசிபல் என்று போட்ட மாடல் இதைப் பெருமளவு சமாளிக்கும், டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று போட்டிருப்பது அந்த அளவுக்கு உதவாது. அல்லது காசில்லாத வழி: கேமராவை காம்பவுண்டு சுவரோரம் பக்கவாட்டில் மாட்டி, கேட்டைக் குறுக்காகப் பார்க்க வையுங்கள்.

இனி எந்த வகை என்ற கேள்வி. கையில் டிரில் மெஷின் எடுத்து நாமே செய்யப் போகிறோம் என்பதால் மூன்று வழி இருக்கிறது.

வாடகை வீடு, அப்பார்ட்மென்ட் என்றால் வைஃபை கேமரா. இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கிறது. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், சுவரில் இரண்டு ஓட்டைதான் மிச்சம். ஒயர்லெஸ் என்ற பெயரை நம்பி ஒயரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரி மாடல் தவிர எல்லாவற்றுக்கும் கரண்ட் ஒயர் போக வேண்டும், அதனால் வாங்கும் முன் அந்த இடத்துக்கு அருகில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் கேமரா கிடைக்கவே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம், ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டி கேட்டுக்கு சிக்னல் போகுமா என்பதை, கேமரா வைக்கப்போகும் இடத்தில் போனைப் பிடித்து அங்கே வைஃபையில் வீடியோ கால் பேசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு, கரண்டும் இல்லை வைஃபையும் இல்லை என்றால், சிம் போடும் 4ஜி சோலார் கேமராதான் வழி, ஆனால் அந்த இடத்தில் எந்த கம்பெனி டவர் எடுக்கிறது என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

இரண்டாவது, பழைய டிவிஆர் முறை. வீடு கட்டும்போதே சுவருக்குள் 3+1 கேபிள் (படத்துக்கான ஒயரும் மெல்லிய கரண்ட் ஒயர்களும் ஒன்றாகச் சேர்ந்தது) இழுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் இதையே போடுங்கள், ஹெச்டி கேமரா அதே கேபிளில் நன்றாக ஓடும். இதில் நாமே செய்யும்போது படுத்துவது கேபிள் நுனியில் மாட்டும் பிஎன்சி கனெக்டரும் 12 வோல்ட் மின்சாரமும். கேபிள் மெல்லியது, தூரம் அதிகம் என்றால் போகப் போக வோல்டேஜ் இறங்கும். பகலில் படம் அருமையாக இருக்கும், இருட்டியதும் கேமராவில் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிய கூடுதல் கரண்ட் இழுக்கும்போது கேமரா அணைந்து அணைந்து வரும். கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே அரை மீட்டர் ஒயரில் நன்றாகவே வேலை செய்யும். அந்த மாதிரி சமயத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் தனி அடாப்டர் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பிஓஇ. புதிதாக கேபிள் இழுக்கப் போகிறீர்கள், சொந்த வீடு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே லேன் கேபிளில் படமும் கரண்டும் போய்விடும், 100 மீட்டர் வரை கவலை இல்லை, கேமரா பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டாம், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வேண்டாம். நாலு பிஓஇ போர்ட் உள்ளேயே இருக்கும் என்விஆர் (இந்த முறைக்கான பதிவுப் பெட்டி) வாங்கினால் சொருகியதும் படம் வந்துவிடும். விலை டிவிஆர் செட்டை விடக் கூடுதல்தான், ஆனால் தனியாக ஆள் வைக்காமல் செய்து முடிக்க இதை விட எளிய வழி இல்லை. கேமராவும் என்விஆரும் வேறு வேறு பிராண்டாக இருந்தால் இரண்டிலும் ஓன்விஃப் என்ற பொதுத் தரம் இருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் ஒன்று பழுதானால் வேறு கம்பெனி கேமராவைச் சேர்க்க அது உதவும்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேட்6 என்று அச்சடித்து, உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக நிறைய விற்கிறது, சென்னை ரிச்சி தெருவிலும் சரி, உங்கள் ஊர்க் கடையிலும் சரி. ஒரு கம்பியை உரித்து பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிஓஇ-க்கு முழுச் செம்புதான் சரி. வெயில் படும் இடத்தில் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், அணில் கடிப்பதும் குறையும். 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம்.

மழைத் தண்ணீர்தான் உண்மையான எதிரி. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு கேமராவில் ஐபி66, ஐபி67 என்று போட்டிருக்கும், அது கேமராவுக்கு, நீங்கள் போடும் இணைப்புக்கு அல்ல. ஐப்பசி மழையில் முதலில் சாவது அந்த இணைப்புதான். கேபிள் நுனியில் லேன் பின்னை கிரிம்ப் செய்யும் (கருவியால் அழுத்திப் பொருத்தும்) முன் கூடவே வரும் ரப்பர் மூடியை கேபிளில் கோத்துக்கொள்ளுங்கள், கிரிம்ப் செய்த பிறகு அது நுழையாது, எல்லாவற்றையும் வெட்டி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். இணைப்பை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள், சுவர் ஓட்டையை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாகப் போடுங்கள், கேபிள் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

இரவுப் படம் பற்றிக் கடையில் காட்டும் டெமோவை நம்ப வேண்டாம். ஐஆர் விளக்கு 30 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அந்தத் தூரத்தில் ஆள் நடமாட்டம்தான் தெரியும், முகம் அல்ல. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் மெதுவாகும், நடந்து வருபவர் முகம் இழுபட்டுப் போகும். இரவிலும் கலர் என்று விற்கும் மாடல்கள் பெரும்பாலும் வெள்ளை விளக்கைப் போட்டுத்தான் அதைச் செய்கின்றன, மழைக்காலத்தில் அந்த விளக்குக்கு வரும் ஈசலையும் பூச்சியையும் கேட்கவே வேண்டாம், பின்னாலேயே பல்லியும் சிலந்தியும் வந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டினால் போதும், ஐஆர் வெளிச்சம் அதில் பட்டுப் படம் முழுக்க வெள்ளையாகி போனுக்கு இரவெல்லாம் அலர்ட் வந்துகொண்டே இருக்கும். கேட்டுக்கு மேலே ஒரு 9 வாட் எல்இடி பல்பை, கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி, விடிய விடிய எரிய விடுங்கள். விலை கூடிய கேமரா செய்வதை விட அதிகம் அந்த பல்பு செய்யும். ஐஆர் உள்ள டோம் (அரைக்கோள வடிவ) கேமராவை சன்ஷேடின் அடியில் சுவரை ஒட்டி மாட்டினால் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கண்ணைக் கட்டிவிடும், வெளியே குழாய் போல நீண்ட புல்லட் வகைதான் வசதி.

எத்தனை நாள் பதிவு வேண்டும்? 2 மெகாபிக்சல் கேமராவை ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி, அதாவது 1 டிபி டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். வெளியூர் போனால் பத்து நாள் ஆகும் குடும்பம் என்றால் 2 டிபி போடுங்கள். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகல் எழுதிக்கொண்டே இருக்கச் செய்ததல்ல, டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இதற்கென்றே வருகின்றன. வைஃபை கேமராவுக்கு 128 ஜிபி கார்டு ஆறு நாள், ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் என்று போட்டதாக வாங்குங்கள். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் போச்சு என்பதை மறக்க வேண்டாம். டிவிஆரும் அப்படித்தான், டிவிக்குக் கீழே அழகாக வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்குவான். பரண் நல்ல மறைவிடம் போலத் தோன்றும், மே மாதம் தளத்துச் சூட்டில் டிஸ்க் வெந்துவிடும். காற்று போகும் அலமாரியின் உள்தட்டு பரவாயில்லை.

கரண்ட் போனால்? என்விஆர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும், ஒன்று விட்டாலும் போனில் படம் வராது. சில இன்வெர்ட்டர் மாறும் நொடியில் இவை ரீஸ்டார்ட் ஆகும், ரவுட்டருக்கு மட்டும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் போட்டால் அந்த இடைவெளியில் இன்டர்நெட் நிற்காது.

பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்பு விதிகளின்படி சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது கட்டாயம், எனவே கடையில் எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) சான்று இந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராத மலிவு கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னல், அவர்கள் மாடியில் துணி காயப்போடும் இடம் படத்தில் விழுந்தால், செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கும், அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிட்டு அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம், ஹாலிலும் வீட்டில் இருக்கும் எல்லாரும் சரி என்றால் மட்டும்.

தேதியும் நேரமும் இன்டர்நெட்டிலிருந்து தானாகச் சரியாகும்படி வையுங்கள். சம்பவம் நடந்து போலீஸ் கேட்கும்போது கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தால் தெருவில் மற்ற வீட்டுப் பதிவோடு எதுவும் ஒத்துப்போகாது. பதிவு கோர்ட்டுக்குப் போகும் என்றால் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே பென் டிரைவில் நகல் கொடுங்கள், அந்த நாள்களின் பதிவு மேலெழுதப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஓட்டை போடும் முன் ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்துவிடுங்கள். நீளமான கேபிளில் கேமராவைச் சொருகி, ஏணியில் அல்லது கம்பில் கட்டி, மாட்ட நினைத்த உயரத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவரைத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து சாதாரண நடையில் வரச் சொல்லுங்கள், நின்று போஸ் கொடுக்கக் கூடாது. அந்த அரை நிமிடத்தை பென் டிரைவில் எடுத்து கம்ப்யூட்டரில் ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, அவரைத் தெரியாத ஒருவர் இந்தப் படத்தை வைத்து அவரைக் கண்டுபிடிப்பாரா என்று பாருங்கள். இல்லை என்றால் கேமராவை ஓரடி இறக்குங்கள், அல்லது கேட்டுக்குப் பக்கமாக நகர்த்துங்கள், அல்லது பல்பை இடம் மாற்றுங்கள், மறுபடி நடக்கச் சொல்லுங்கள். டிரில், ராவல் பிளக், சிலிக்கான் எல்லாம் அதற்கு அப்புறம்.