பெரிய பெயர்ப்பலகைக்கு ஸ்டிக்கரைத் துண்டு போடுவது எப்படி?

24 அங்குல வினைல் (ஸ்டிக்கர் தாள்) றோலின் அகலம் 610 மி.மீ. இரு ஓரத்தையும் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளொட்டரின் உருளைகள் பிடித்துக்கொள்வதால் 560 மி.மீ.க்குள் வேலையை அடக்குவது நல்லது. 8 அடிக்கு 4 அடிப் பலகையோ 1220 மி.மீ. உயரம். படத்தைத் துண்டு போடாமல் முடியாது. எங்கே வெட்டுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

மும்மொழிப் பலகையில் எழுத்துகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்திலேயே பிரித்துவிடலாம். ஒரு எழுத்தின் குறுக்கே ஒருபோதும் வெட்டாதீர்கள். மட்டக்களப்புப் பலகைகளில் ஓரமாக நிற்கும் பெரிய மீன் படம்தான் கவனம் கேட்கும்.

இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் முதலில் துப்புரவு வேலை. வட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தை அப்படியே வெட்ட முடியாது. ‘ட்ரேஸ் பிட்மப்’ மூலம் கோட்டுருவமாக்க வேண்டும். எழுத்துகளை ‘ஒப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரி ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பிறகு குழுவைக் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே உருவாக இணைக்கும் ‘யூனியன்’ கொடுங்கள். எழுத்தும் கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கத்தி எழுத்தின் நடுவிலும் கோடு போட்டுவிடும். ‘பிரேக் அபார்ட்’ வேண்டாம்: ‘க’, ‘வ’ போன்றவற்றின் நடுவிலுள்ள கண்கள் (வெற்றிடங்கள்) அடைபடும். தடித்த கோடுகளை ‘ஸ்ட்ரோக் டு பாத்’ ஆக்குங்கள். பிளொட்டருக்குக் கோட்டின் தடிப்பு தெரியாது.

இனி மீன். உயரம் 1100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் நுனியை ‘வை’ (மேலிருந்து கீழான அளவு) 0இல் நிறுத்துங்கள். ஒட்டும்போது துண்டுகளைப் பொருத்த அடையாளமாக, மீனுக்கு வெளியே இடமும் வலமும் 10 மி.மீ. சதுரம் ஒவ்வொன்று வரைந்து, இரண்டையும் ‘வை’ 550இல் வையுங்கள். மூன்றையும் ‘யூனியன்’ செய்யுங்கள். அடுத்து, சதுரங்களையும் மூடும் அகலத்தில், விளிம்புக்கோடு இல்லாத இரண்டு செவ்வகங்கள்: ஒன்று ‘வை’ 0, உயரம் 560, மற்றது ‘வை’ 550, உயரம் 560. விளிம்புக்கோடு இருந்தால் அளவு அதன் தடிப்பையும் சேர்த்துக் காட்டி, ஒட்டும்போது பொருந்தாமல் போகும். மீனைக் கன்ட்ரோல் + டி அழுத்திப் பிரதி எடுத்து, ஒவ்வொரு செவ்வகத்தோடும் தனித்தனியே, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் விடும் ‘இன்டர்செக்ஷன்’ கொடுங்கள். செவ்வகம் மேலே இருக்கட்டும். கீழே உள்ளதன் நிறமே மிஞ்சும்.

இப்படி இரு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் 10 மி.மீ. மேற்பொருத்தம் ‘டிவிஷன்’ கட்டளையில் கிடைக்காது. அது துண்டுகளை ஒட்ட வெட்டிவிடும். மீனை அலைக்கோட்டில் இரண்டு நிறமாகப் பிரிக்க அதுவே ஏற்றது. வெட்டும் கோடு இரு பக்கமும் மீனைத் தாண்டி நீள வேண்டும். இரண்டு பொருள்களையே அது ஏற்கும்; பல கோடுகள் இருந்தால் ‘கம்பைன்’ செய்து ஒன்றாக்குங்கள். 2023இல் வந்த 1.3 பதிப்பில் ‘ஷேப் பில்டர்’ கருவியாலும் இதைச் செய்யலாம்.

ஒட்டும்போது கீழ்த் துண்டுதான் முதலில். அதன் சதுரங்களின் மேல் மேல்துண்டின் சதுரங்கள் சரியாக உட்காரவேண்டும். ஓட்டுக் கூரை மாதிரி மேலது கீழதை மூடினால் மார்கழி மழை வழிந்து போகும். மாற்றி ஒட்டினால் மேல் நோக்கிய விளிம்பில் தண்ணீர் இறங்கி ஸ்டிக்கர் கிளம்பும். நன்றாக அழுத்தித் தேய்த்த பின் சதுரங்களை உரித்துவிடுங்கள்.